33/11 கேவி, 10 எம்விஏ டிரான்ஸ்பார்மருக்கு என்ஜிஆர்: 525 ஆம்பியரா, 100 ஆம்பியரா?

சூளகிரி_மெயின்டனன்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். சூளகிரி பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மின் பராமரிப்பு பார்க்கிறேன். இதுவரை 11 கேவி சப்ளைதான், லோடு ஏறிவிட்டதால் 33 கேவிக்கு மாறுகிறோம். 10 எம்விஏ, 33/11 கேவி, டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்பார்மர் ஒன்று வருகிறது, இம்பீடன்ஸ் 8 சதவீதம். உள்ளே ஓடும் 11 கேவி கேபிள் எல்லாம் சேர்த்தால் நாலரை கிலோமீட்டர் வரும். 1,400 கிலோவாட் கம்ப்ரசர் மோட்டார் இரண்டு நேரடியாக 11 கேவியில் ஓடும், மீதியெல்லாம் 433 வோல்ட் டிரான்ஸ்பார்மர்கள். 11 கேவி பேனல் பழையதையே வைத்துக்கொள்கிறோம்.

நியூட்ரலில் போடும் என்ஜிஆரில்தான் (கரண்ட் எர்த்துக்குப் பாயும் பழுதில், அதாவது எர்த் பால்டில், அதைக் கட்டுப்படுத்த நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைக்கும் ரெசிஸ்டர் பெட்டி) சண்டை. கன்சல்டன்ட் 525 ஆம்பியர், 30 வினாடி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏன் 525 என்று கேட்டால், அதுதான் டிரான்ஸ்பார்மரின் புல் லோடு கரண்ட், வழக்கமாக அப்படித்தான் போடுவோம் என்கிறார். மோட்டார் கொடுப்பவர் 100 ஆம்பியருக்கு மேல் போகாதீர்கள் என்கிறார். எங்கள் மேனேஜர், "இந்தப் பெட்டியே எதற்கு, நேராக எர்த்தில் கட்டிவிட்டால் என்ன?" என்கிறார். டெண்டர் அடுத்த வாரம் போயாக வேண்டும். யார் சொல்வது சரி?

பழைய_சப்ஸ்டேஷன்

மேனேஜர் சொல்வதில் தப்பே இல்லை தம்பி. வாரியத்து 11 கேவி நியூட்ரல் எல்லாம் நேராக எர்த்தில்தான் இருக்கிறது. பால்ட் வந்தால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் ஓடும், ரிலே (பால்டைப் பார்த்து பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி) பட்டென்று அடிக்கும், வேலை முடிந்தது. என்ஜிஆர் என்று ஒன்றை வைத்தால் அதற்கு ஒரு பராமரிப்பு, அதற்கு ஒரு சிடி (கரண்ட் அளக்கும் டிரான்ஸ்பார்மர்), அதற்கு ஒரு ரிலே. போட்டதற்கு அப்புறம் அதைத் திறந்து பார்த்த ஆளை நான் கண்டதில்லை.

ரிலே_ராயக்கோட்டை

> வாரியத்து 11 கேவி நியூட்ரல் எல்லாம் நேராக எர்த்தில்தான் இருக்கிறது

அண்ணா, வாரியத்துக்கு அது சரி. அவர்களுக்கு ஓவர்ஹெட் லைன், கம்பி அறுந்து காய்ந்த மண்ணில் விழுந்தாலும் ரிலே பார்க்கிற அளவுக்குக் கரண்ட் வேண்டும், அதனால் எந்தத் தடையும் இல்லாமல் விடுகிறார்கள். தொழிற்சாலைக்குள் கதை வேறு. எல்லாமே கேபிள், ஒவ்வொரு கேபிளுக்கும் ஸ்கிரீன் இருக்கிறது, ஆர்மர் இருக்கிறது, பால்ட் கரண்ட் திரும்பி வர உலோக வழி இருக்கிறது. இவர் டிரான்ஸ்பார்மரில் நேர் எர்த் கட்டினால் 525-ஐ 0.08-ஆல் வகுத்துப் பாருங்கள், 6,500 ஆம்பியர் வருகிறது. 33 கேவி பக்கத்து இம்பீடன்ஸால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மோட்டார் ஸ்டேட்டருக்குள் ஒரு காயில் கோருக்குத் தொட்டால் இந்த 6,500-ம் அந்த ஒரு புள்ளி வழியாகத்தான் போகும். பிரேக்கர் திறக்க 100 மில்லி செகண்ட் ஆனாலும் கோரின் ஸ்டாம்பிங் தகடுகள் உருகி ஒட்டிக்கொள்ளும். காயிலை மாற்றலாம், ரீவைண்டிங் கடை ஓசூரிலேயே இருக்கிறது. கோர் உருகினால் அந்த மோட்டாரை எடைக்குத்தான் போட வேண்டும்.

மின்வீச்சில் கேபிளின் செம்பு டேப் ஸ்கிரீனும் சேர்ந்து போகும், அது தனி.

மத்திகிரி_டிசைன்

சூளகிரி நண்பருக்கு: கன்சல்டன்ட் சொல்லும் 525 ஒன்றும் பைத்தியக்கார எண் இல்லை, ஆனால் அவர் சொல்லும் காரணம் பழையது. எலக்ட்ரோமெக்கானிக்கல் ரிலே காலத்தில் மூன்று சிடியைச் சேர்த்துக் கட்டி அந்த மீதிக் கரண்டில் ஒரு எர்த் பால்ட் ரிலே வைப்பார்கள், அது சிடி ரேட்டிங்கில் 20, 40 சதவீதத்துக்குக் கீழே நம்பகமாகப் பார்க்காது. ஆகவே எர்த் பால்ட் கரண்டும் புல் லோடு அளவுக்கு இருந்தால் எல்லா ரிலேயும் பார்த்துவிடும் என்று ஒரு கணக்கு வந்தது. இன்று நியூமெரிக்கல் ரிலேயும் கேபிளைச் சுற்றிப் போடும் சிபிசிடியும் (மூன்று பேஸின் மீதிக் கரண்டை நேராக அளக்கும் சிடி) இருக்கும்போது 5 ஆம்பியரைக்கூடப் பிடிக்கலாம். அதனால் டிரான்ஸ்பார்மர் ரேட்டிங்கைப் பார்த்து என்ஜிஆர் எழுத வேண்டிய அவசியம் இல்லை. கீழே எவ்வளவு வரை இறங்கலாம், மேலே எவ்வளவு வரை ஏறலாம் என்று இரண்டு வேலி போட்டுக்கொண்டு நடுவில் ஒரு எண்ணை எடுக்க வேண்டும்.

கீழ் வேலி கேபிளின் சார்ஜிங் கரண்ட் (கேபிள் ஒரு கெப்பாசிட்டர் மாதிரி எர்த்துக்கு விடும் கரண்ட்). 11 கேவி எக்ஸ்எல்பிஇ கேபிள், 185, 240 சதுர மில்லிமீட்டர் அளவுகளில் ஒரு பேஸுக்குக் கிலோமீட்டருக்கு 0.35 மைக்ரோபாரட் என்று வைத்துக்கொள்ளலாம் (உங்கள் கேபிள் கேட்டலாக்கில் சரியான எண் இருக்கும், அதை எடுங்கள்). எர்த் பால்ட் நேரத்தில் மூன்று பேஸுக்கும் சேர்த்து ஓடும் சார்ஜிங் கரண்ட் 3 × 314 × 0.35 மைக்ரோபாரட் × 6,351 வோல்ட் (11 கேவியில் ஒரு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் இருப்பது), அதாவது கிலோமீட்டருக்கு 2.1 ஆம்பியர். உங்கள் நாலரை கிலோமீட்டருக்கு ஒன்பதரை. மோட்டார் டெர்மினலில் சர்ஜ் கெப்பாசிட்டர் பேஸுக்கு 0.25 மைக்ரோபாரட் இருந்தால் ஒவ்வொரு மோட்டாருக்கும் இன்னொரு ஒன்றரை. ஆக மொத்தம் பன்னிரண்டரை ஆம்பியர் பக்கம்.

என்ஜிஆர் விடும் கரண்ட் இதைவிடக் குறைந்தால் நியூட்ரல் எர்த் ஆகாத சிஸ்டம் மாதிரி நடந்துகொள்ளும். விட்டு விட்டு ஆர்க் அடிக்கிற எர்த் பால்ட் வந்தால் வோல்டேஜ் படிப்படியாக ஏறி பேஸ் வோல்டேஜைப் போல ஐந்தாறு மடங்கு வரை போகும், எங்கோ ஒரு பால்ட் இருக்க வேறெங்கோ இரண்டு கேபிள் ஜாயின்ட் வெடிக்கும். ஆகவே 10 ஆம்பியர் போட்டு டிரிப் ஆகாமல் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது 3.3 கேவி, 433 வோல்ட் சிஸ்டங்களுக்குப் பொருந்தும். 11 கேவியில் நாலு கிலோமீட்டர் கேபிளோடு அது நடக்காது.

மேல் வேலி மோட்டார் கோர், கேபிள் ஸ்கிரீன், எர்த் பிட் வோல்டேஜ். இவற்றைப் பார்த்தால் 400-க்கு மேல் போவதில் லாபம் இல்லை. அமெரிக்க ஐஇஇஇ (மின் பொறியாளர் அமைப்பு) பழக்கத்திலும் லோ ரெசிஸ்டன்ஸ் என்றால் 100 முதல் 1,000 ஆம்பியர் வரை, அதிகம் காணப்படுவது 400.

சூளகிரி_மெயின்டனன்ஸ்

அப்படியானால் 100 போடலாமா? மோட்டார்காரர் சொன்னதும் அதுதானே. பன்னிரண்டரைக்கு எட்டு மடங்கு இருக்கிறது.

மத்திகிரி_டிசைன்

போடலாம், ஆனால் டிரான்ஸ்பார்மரின் ஆர்இஎப் ரிலே (11 கேவி வைண்டிங் பக்கத்து எர்த் பால்டை மட்டும் பார்ப்பது) உங்களோடு சண்டை போடும்.

11 கேவி பக்கம் உங்கள் இன்கமர் (பேனலுக்குள் சப்ளை நுழையும் பிரேக்கர்) சிடி 600/1 என்று வைத்துக்கொள்கிறேன். ஆர்இஎப் பிக்அப் (ரிலே பார்க்கத் தொடங்கும் அளவு) 10 சதவீதம் என்றாலும் 60 ஆம்பியர். டிரான்ஸ்பார்மர் வைண்டிங்கின் வெளி முனையில் பால்ட் வந்தால் 100 ஆம்பியர் ஓடும். வைண்டிங்கின் பாதியில் வந்தால் வோல்டேஜும் பாதிதான், ஆகவே 50 ஓடும், ரிலே பார்க்காது. மொத்த வைண்டிங்கில் வெளிப்பக்கம் 40 சதவீதத்துக்கு மட்டும்தான் காவல். 200 ஆம்பியர் என்றால் 70 சதவீதம், 300 என்றால் 80, 525 என்றால் 88-89. டிபரன்ஷியல் ரிலே (இரண்டு பக்கக் கரண்டையும் ஒப்பிடுவது) காப்பாற்றுமா என்றால் அதுவும் இல்லை. 33 கேவி பக்கம் தெரியும் கரண்ட் நியூட்ரலிலிருந்து பால்ட் இருக்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும், பாதி வைண்டிங்கில் பால்ட் என்றால் கால்வாசி.

நான் 300 எடுப்பேன். 6,351-ஐ 300-ஆல் வகுத்தால் 21.2 ஓம்.

பழைய_சப்ஸ்டேஷன்

நியூட்ரல் பக்கத்து பால்டை புக்ஹோல்ஸ் (டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் வாயு கிளம்புவதைப் பார்க்கும் ரிலே) பார்த்துக்கொள்ளும். அதற்காக ஆம்பியரை ஏற்ற வேண்டுமா? இவ்வளவு கணக்குக்கும் நேர் எர்த்தே தேவலை என்பதில் நான் மாறவில்லை, ஆனால் மோட்டார் கோர் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் யார்டில் மோட்டார் ஏது.

பர்கூர்_கல்குவாரி

இடையில் வருகிறேன். நம் ஊரில் இன்னொரு சங்கதி இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. பர்கூர், போச்சம்பள்ளி, வேப்பனப்பள்ளி பக்கம் எல்லாம் மூன்றடி தோண்டினால் கல். எங்கள் கிரானைட் யூனிட்டில் எர்த் பிட் போட ஜேசிபி வந்து பல்லை உடைத்துக்கொண்டு போனது. பாட புத்தகத்தில் வருகிற மாதிரி 3 மீட்டர் பைப் இறக்கி உப்பும் கரியும் போட்டால் மழைக்காலத்தில் 8 ஓம், சித்திரையில் 20 ஓம். கடைசியில் தண்ணீர் வராமல் போன போர்வெல் ஒன்றில் ஜிஐ பைப்பை இறக்கி பென்டோனைட் கலந்து ஊற்றி, அதோடு தரையில் புதைத்த பிளாட்டையும் (இரும்புப் பட்டை) சேர்த்த பிறகுதான் 2 ஓமுக்கு வந்தது. போர் எல்லா இடத்திலும் கைகொடுக்காது, கல்லில் பிளவு இருந்து ஈரம் தங்கினால்தான் உண்டு.

2 ஓம் எர்த்தில் 6,500 ஆம்பியர் போனால் 13,000 வோல்ட்! 300 ஆம்பியர் போனால் 600 வோல்ட். இந்தக் கல் தரையில் என்ஜிஆர் வேண்டாம் என்று எந்த மேனேஜரும் சொல்லக் கூடாது.

ரிலே_ராயக்கோட்டை

கருத்து சரி, கணக்கை மட்டும் கொஞ்சம் திருத்துகிறேன். நியூட்ரலுக்கும் பால்டுக்கும் நடுவில் தரைதான் ஒரே வழி என்றால் அந்த 2 ஓமே கரண்டைக் குறைத்துவிடும், 6,351 வோல்டைத் தாண்டி ஏற வழியே இல்லை, ஆகவே 13,000 வராது. தவிர ஒரே எர்த் கிரிடுக்குள் கேபிள் ஸ்கிரீன் இரண்டு பக்கமும் கட்டியிருந்தால் கரண்டில் பெரும்பங்கு ஸ்கிரீன் வழியாகவே திரும்பிவிடும், மண்ணுக்குள் போவது கொஞ்சம்தான். ஆபத்து எங்கே என்றால், தொழிற்சாலையிலிருந்து தள்ளி ஏரிக்கரையிலோ குவாரியிலோ ஒரு பம்ப் ஷெட் இருக்கும், அதற்கு 11 கேவி ஓவர்ஹெட்டில் போகும், அங்கே தனி எர்த் பிட். அங்கே பால்ட் வந்தால் முழுக் கரண்டும் அந்தப் பிட் வழியாக மண்ணுக்குள் இறங்கித்தான் திரும்ப வேண்டும். 20 ஓம் பிட்டில் 150 ஆம்பியர் போனாலே 3,000 வோல்ட், அந்த ஷெட்டின் இரும்புக் கதவைத் தொட்டவன் கதி என்ன.

அந்த மாதிரி ஷெட் இருந்தால் பிட் ரெசிஸ்டன்ஸும் என்ஜிஆரோடு சீரீஸில் சேரும் என்பதையும் மறக்காதீர்கள். 21 ஓம் என்ஜிஆர், 20 ஓம் பிட், ஆக 41. உங்கள் 300 ஆம்பியர் அங்கே 155 ஆகிவிடும். ரிலே பிக்அப்பை அதற்கும் சேர்த்துப் பாருங்கள்.

பர்கூர்_கல்குவாரி

ஆமாம், எங்களுக்கு அப்படி ஒரு ஷெட் குவாரிக் குழியில் இருக்கிறது. அதன் பிட் ரீடிங் எடுத்து நாளாகிறது, நாளைக்கே மெகர்காரரைக் கூப்பிடுகிறேன்.

சூளகிரி_மெயின்டனன்ஸ்

எங்களுக்கு ஓவர்ஹெட் இல்லை, எல்லாம் கேபிள் டிரெஞ்ச். சரி, 300 என்று எடுத்துக்கொள்கிறேன். வினாடி? 10 போதுமா, 30 வேண்டுமா? விலையில் நல்ல வித்தியாசம் வருகிறது.

மத்திகிரி_டிசைன்

வித்தியாசம் வரத்தான் செய்யும், நீங்கள் வாங்குவது எடைதானே. 300 ஆம்பியர், 6,351 வோல்ட் என்றால் 1.9 மெகாவாட். 10 வினாடிக்கு 19 மெகாஜூல். இந்தச் சூடு வெளியே போக நேரம் கிடையாது, எல்லாம் ஸ்டீல் தகட்டுக்குள்ளேயே தங்கும். 10 வினாடி ரேட்டிங்குக்கு ஐஇஇஇ விடும் வெப்ப ஏற்றம் 760 டிகிரி. ஒரு கிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 760 டிகிரி ஏற ஏறத்தாழ 380 கிலோஜூல் வாங்கும். ஆக 50 கிலோ தகடு. கன்சல்டன்ட் எழுதிய 525 ஆம்பியர், 30 வினாடி என்றால் 100 மெகாஜூல், 260 கிலோவுக்கு மேல். உண்மையில் சூடேற ஏற ஓம் கூடிக் கரண்ட் குறைவதால் இரண்டுமே இதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், ஆனால் விகிதம் அதுதான்.

அந்த ஓம் கூடும் விஷயத்தைக் கொட்டேஷன் வரும்போது கேளுங்கள். 304 ஸ்டீல் 700 டிகிரிக்குப் போகும்போது ஓம் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிவிடும். முதல் வினாடியில் 300 ஆம்பியர், கடைசி வினாடியில் 190, 180. ரிலே ஒன்றிரண்டு வினாடியில் அடித்துவிட்டால் கவலை இல்லை. கடைசி பேக்அப் ரிலேயை மட்டும் உயரமான பிக்அப்பில் நீண்ட டைமரோடு வைத்தால் அது நடுவில் கழன்றுகொள்ளும். அலுமினியம் கலந்த இரும்பு-குரோமியம் தகடும் நிக்கல்-குரோமியமும் அவ்வளவு மாறாது, விலை கூடுதல். 25 டிகிரியில் இத்தனை ஓம், 10 சதவீதம் கூடக் குறைய என்று எழுதி வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் 10 வினாடி போதும். ஒரு நிபந்தனை, 33 கேவி பிரேக்கருக்கு இன்டர்டிரிப் (11 கேவி பக்கத்து ரிலே அடித்தால் அதையும் கூடவே திறக்கும் இணைப்பு) கட்டாயம் இருக்க வேண்டும். அதை ராயக்கோட்டைக்காரர் நன்றாகச் சொல்வார்.

ரிலே_ராயக்கோட்டை

சொல்கிறேன், இதைப் பார்த்தே இருக்கிறேன். ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். உங்களுடையதைப் போலவே 33/11 கேவி டெல்டா-ஸ்டார், நியூட்ரலில் என்ஜிஆர். டிரான்ஸ்பார்மரின் 11 கேவி டெர்மினலுக்கும் இன்கமர் பிரேக்கருக்கும் நடுவில் இருக்கும் கேபிளில், கிளாண்டுக்குப் பக்கத்தில் எர்த் பால்ட். நியூட்ரல் சிடியில் வைத்திருந்த ரிலே பார்த்தது, டைம் ஆனதும் டிரிப் கொடுத்தது, 11 கேவி இன்கமர் திறந்தது. பால்ட் பிரேக்கருக்கு மேலே இருக்கிறது, ஆகவே திறந்து ஒரு பயனும் இல்லை. 33 கேவி பக்கத்து எர்த் பால்ட் ரிலே அசையவே இல்லை, ஏனென்றால் டெல்டா வைண்டிங்கைத் தாண்டி ஜீரோ சீக்வென்ஸ் கரண்ட் (எர்த் வழியாகத் திரும்பும் பங்கு) அந்தப் பக்கம் போகாது. ஓவர்கரண்ட் ரிலேயும் அசையவில்லை.

ஏன் அசையவில்லை என்பதை உங்கள் எண்களில் போட்டுப் பாருங்கள். 11 கேவி பக்கம் 300 ஆம்பியர் எர்த் பால்ட் என்றால் 33 கேவி லைனில் தெரிவது 300 × 6,351 / 33,000, அதாவது 58 ஆம்பியர், அதுவும் இரண்டு பேஸில் மட்டும். உங்கள் 33 கேவி புல் லோடே 175 ஆம்பியர். 58 ஆம்பியரை எந்த ஓவர்கரண்ட் ரிலேயாவது பால்ட் என்று நினைக்குமா?

அங்கே இன்டர்டிரிப் கேபிள் டிராயிங்கில் இருந்தது, டிரெஞ்சில் இல்லை. கமிஷனிங் அவசரத்தில் கான்ட்ராக்டர் விட்டுப் போயிருக்கிறார். செக்யூரிட்டி பார்த்து ஓடிவந்து சொல்லி யாரோ 33 கேவி பிரேக்கரைக் கையால் திறக்கும் வரைக்கும் என்ஜிஆர் எரிந்துகொண்டே இருந்தது. மறுநாள் நான் பேனலைக் கழற்றும்போது நடு வரிசைத் தகடுகள் தொங்கிப் போய் கீழ் வரிசையைத் தொட்டுக்கொண்டிருந்தன, போர்சலின் இன்சுலேட்டரில் பாதி இரண்டாகப் பிளந்திருந்தது, உள்பக்கப் பெயின்ட் கருகிச் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. 30 வினாடி ரேட்டிங் இருந்தாலும் அதே கதிதான் ஆகியிருக்கும்.

ஆகவே ஆர்இஎப் அடித்தாலும், நியூட்ரல் பேக்அப் அடித்தாலும் இரண்டு பக்கப் பிரேக்கரும் திறக்க வேண்டும். கமிஷனிங்கில் ரிலேயில் கரண்ட் செலுத்தி 33 கேவி பிரேக்கர் நிஜமாகவே திறக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

பழைய_சப்ஸ்டேஷன்

இதைத்தான் நான் சொன்னேன், திறந்து பார்க்கிற ஆள் இல்லை என்று. 👍 ராயக்கோட்டைத் தம்பிக்கு.

இன்னொன்று நானே சொல்கிறேன். நியூட்ரலுக்கு இரண்டு தனித்தனி எர்த் வேண்டும் என்று விதி இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். ஒரு இடத்தில் ஒயர்மேன் என்ன செய்தான் தெரியுமா, ஒரு பிளாட் நியூட்ரல் புஷிங்கிலிருந்து என்ஜிஆருக்கு, இரண்டாவது பிளாட் நியூட்ரல் புஷிங்கிலிருந்து நேராக எர்த் பிட்டுக்கு! விதிப்படி இரண்டு எர்த் ஆகிவிட்டதாம். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய என்ஜிஆர் ஷார்ட் ஆகி அலங்காரத்துக்கு நின்றது. இரண்டு பிட்டும் என்ஜிஆரின் கீழ் முனையில்தான் சேர வேண்டும். புஷிங்கிலிருந்து என்ஜிஆர் வரை போவது பால்ட் நேரத்தில் 6,351 வோல்டில் நிற்கும் கம்பி, அது வெறும் ஜிஐ பிளாட்டாக இருக்கக் கூடாது, 11 கேவி கேபிளாக வேண்டும், இல்லாவிட்டால் இன்சுலேட்டர் மேல் போக வேண்டும்.

பென்னாகரம்_பம்ப்

எல்லோரும் பெரிய ஆட்களாகப் பேசுகிறீர்கள், எனக்கு ஒரு சின்ன சந்தேகம். நான் வேலை செய்யும் பம்ப் ஸ்டேஷனில் 6.6 கேவி மோட்டார்கள். டிரான்ஸ்பார்மர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 100 ஆம்பியர் என்ஜிஆர். பஸ் கப்ளரை (இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பிரேக்கர்) மூடி இரண்டையும் பேரலலாக ஓட்டினால் என்ஜிஆர் ரேட்டிங் போதுமா?

மத்திகிரி_டிசைன்

போதும். ஒவ்வொரு என்ஜிஆரும் பார்ப்பது அதே 3,810 வோல்ட்தான், ஆகவே ஒவ்வொன்றிலும் அதே 100 ஆம்பியர், சூடும் அதேதான். ஆனால் பால்ட் இருக்கும் இடத்தில் இரண்டும் சேர்ந்து 200 ஓடும், மோட்டார் கோர் பார்ப்பது அந்த 200-ஐ. பேரலலாகவே எப்போதும் ஓட்டுவதென்றால் ஒரு டிரான்ஸ்பார்மர் நின்றுபோகும் நேரத்தில் கரண்ட் பாதியாகும் என்பதையும் வைத்து ரிலே செட்டிங் போட வேண்டும். ஜெனரேட்டர்கள் பேரலல் என்றால் மட்டும் மூன்றாம் ஹார்மோனிக் கரண்ட் நியூட்ரல் வழியே சுற்றும், அங்கே ஒரு நியூட்ரலை மட்டும் மூடி வைப்பார்கள். உங்களுக்கு அது தேவையில்லை.

ரிலே_ராயக்கோட்டை

சூளகிரி நண்பரே, முதல் பதிவில் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்தது, இப்போதுதான் கவனித்தேன். "11 கேவி பேனல் பழையதையே வைத்துக்கொள்கிறோம்." அதில் இருக்கும் பிடி (வோல்டேஜ் அளக்கும் டிரான்ஸ்பார்மர்) எது, எல்ஏ (லைட்னிங் அரஸ்டர்) எது?

சூளகிரி_மெயின்டனன்ஸ்

இப்போதுதான் போய்ப் பார்த்து வந்தேன். எல்ஏ பிளேட்டில் 9 கேவி என்று இருக்கிறது. பிடியில் வோல்டேஜ் பேக்டர் (எத்தனை மடங்கு வோல்டேஜைத் தாங்கும் என்பது) 1.5, 30 வினாடி என்று போட்டிருக்கிறது. கேபிள் 6.35/11 கேவி, எர்த்டு கிரேடு.

ரிலே_ராயக்கோட்டை

பயந்தது சரியாகப் போயிற்று. வாரியத்தின் நேர் எர்த் சப்ளைக்கு வாங்கியது அது. என்ஜிஆர் வந்த பிறகு ஒரு பேஸில் எர்த் பால்ட் வந்தால் மற்ற இரண்டு பேஸும் எர்த்துக்கு 6,351-லிருந்து 11,000 வோல்டுக்கு ஏறும், 1.73 மடங்கு. 9 கேவி எல்ஏ 11 கேவியில் சில வினாடி நின்றாலே வெடிக்க வாய்ப்பு. 12 கேவி எல்ஏ போடுங்கள். பிடி 1.9 வோல்டேஜ் பேக்டர், 30 வினாடி வேண்டும், 1.5 போதாது. எர்த் பால்டோடு மணிக்கணக்கில் ஓட்டுவதானால் 1.9, 8 மணி நேரம் கேட்டிருப்பேன், நீங்கள் டிரிப் செய்கிறீர்கள், தேவையில்லை. அதே காரணத்தால் கேபிளும் இருப்பதே போதும்.

என்ஜிஆர் விலையை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டால், முதல் எர்த் பால்டில் பேனல் ரூமில் மற்ற இரண்டு பேஸின் எல்ஏவும் பெயர்ந்து கிடக்கும்.

சூளகிரி_மெயின்டனன்ஸ்

நல்லவேளை கேட்டீர்கள். எல்ஏ, பிடி இரண்டையும் டெண்டரில் சேர்த்துவிட்டேன்.

மோட்டார் பீடரில் சிபிசிடி 50/1 வைக்கிறோம். பிக்அப் 5 ஆம்பியர் வைத்தால் 300-க்கு 98 சதவீத வைண்டிங் காவல் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். சரியா?

மத்திகிரி_டிசைன்

கணக்கு சரி, ஆனால் 5 வைக்காதீர்கள். வேறொரு பீடரில் பால்ட் வரும்போது உங்கள் நல்ல பீடரின் சொந்தச் சார்ஜிங் கரண்டும் அதன் சிபிசிடி வழியாகத்தான் ஓடும். மோட்டார் கேபிள் 1.2 கிலோமீட்டர் என்றால் இரண்டரை, சர்ஜ் கெப்பாசிட்டர் ஒன்றரை, ஆக 4 ஆம்பியர். 5-க்கு ரொம்ப நெருக்கம். எங்கோ பால்ட், இங்கே கம்ப்ரசர் நிற்கும், புரொடக்ஷன்காரர் உங்கள் மேஜையில் வந்து நிற்பார். 10 வையுங்கள், அப்போதும் 96-97 சதவீதம் காவல்.

கேபிளின் ஸ்கிரீனையும் ஆர்மரையும் எர்த் செய்யும் ஒயர் சிபிசிடிக்கு மேலே கட்டியிருந்தால் திரும்ப அதே சிபிசிடிக்குள் நுழைந்து வந்துதான் எர்த் பாருக்குப் போக வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் பால்ட் கரண்ட் கண்டக்டரில் போவதும் ஸ்கிரீனில் வருவதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், ரிலே எதையும் பார்க்காது. பத்துப் பேனல் திறந்தால் மூன்றிலாவது இது தப்பாக இருக்கும்.

பர்கூர்_கல்குவாரி

என்ஜிஆர் பெட்டிக்கு ஐபி (தூசி, தண்ணீர் புகாமைக்கான ரேட்டிங்) எவ்வளவு? எங்கள் பக்கம் கல் தூசிக்குப் பயந்து ஐபி 55 கேட்டோம்.

மத்திகிரி_டிசைன்

ஐபி 55 வேண்டாம், காற்று வெளியே போக வழி இருக்க வேண்டும். வெளியில் வைப்பதற்கு ஐபி 23 அல்லது 33, மேலே மழைக்கூரை, துவாரத்துக்கு அணிலும் ஓணானும் நுழையாத வலை. பாலிஷிங் யூனிட் தூசி வேறு மாதிரி, ஈரத்தோடு சேர்ந்து இன்சுலேட்டரில் சிமென்ட் பூசியது போல் இறுகிவிடும், ஷட்டவுனில் துடைக்கத்தான் வேண்டும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், 1,000 தாண்டாததால் உயரத்துக்காக ரேட்டிங் குறைக்க வேண்டியதில்லை.

துடைக்கும்போதே மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் நடுவில் ஓம் எடுத்துவிடுங்கள். உள்ளே ஒரு போல்ட் தளர்ந்து என்ஜிஆர் ஓப்பன் ஆகிக் கிடந்தால் சாதாரணமாக ஓடும்போது ஒரு அறிகுறியும் தெரியாது, நியூட்ரல் அந்தரத்தில் நிற்கும். அதைக் கண்காணிக்கத் தனி ரிலே உண்டு, 10 எம்விஏவுக்கு அது வீண் செலவு இல்லை.

சூளகிரி_மெயின்டனன்ஸ்

கன்சல்டன்டிடம் பேசிவிட்டேன். முதலில் முறைத்தார், அப்புறம் 58 ஆம்பியர் கணக்கைக் காட்டியதும் இன்டர்டிரிப்பை அவரே டிராயிங்கில் சிவப்பு மையில் வட்டமிட்டார். டெண்டரில் போவது: 21.2 ஓம், 300 ஆம்பியர், 10 வினாடி, 304 தகடு, ஐபி 23.

கடைசியாக ஒன்று. நியூட்ரல் சிடியை எங்கே வைப்பது? டிரான்ஸ்பார்மர் புஷிங் பக்கமா, என்ஜிஆருக்குக் கீழே எர்த் பக்கமா? கீழே வைத்தால் லோ வோல்டேஜ் சிடி போதும், விலை குறைவு என்று பேனல்காரர் சொல்கிறார்.

ரிலே_ராயக்கோட்டை

கீழே வைத்தால் என்ஜிஆரின் மேல் இன்சுலேட்டர் பாடிக்குப் பிளாஷ் ஆகும்போது கரண்ட் பெட்டியின் எர்த் வழியாகப் போய்விடும், சிடி அதைப் பார்க்காது. நியூட்ரல் பேக்அப் ரிலே குருடாகிவிடும், ஆர்இஎப் தப்பாக அடிக்கும். புஷிங் பக்கம் வையுங்கள். விலை பிரச்சினை என்றால், நியூட்ரல் 11 கேவி கேபிளில்தானே போகிறது, அந்தக் கேபிளைச் சுற்றி லோ வோல்டேஜ் ரிங் சிடியே போடலாம், இன்சுலேஷனைக் கேபிள் பார்த்துக்கொள்ளும். ஸ்கிரீன் எர்த் ஒயரை மட்டும் சிடிக்குள் திருப்பி எடுங்கள். ஆர்இஎப்புக்குத் தனி கோர், பிஎஸ் கிளாஸ் (இதுவும் கீழே வரும் 5பி10-ம் ரிலேக்கான சிடி வகைகள்), இன்கமர் சிடி ரேஷியோவோடு பொருந்த 600/1. பேக்அப்புக்கு இன்னொரு கோர், 5பி10, 100/1, பிக்அப் 20 ஆம்பியர், டைமர் 1.5 வினாடி.